காரத்தின் வலிமையை வெப்பமானியால் அளந்த வரலாறு

அமிலமும் காரமும் கலக்கும்போது கலவை சூடாகிறது. அளவு தெரியாத காரக் கரைசல் ஒன்றில், அளவு தெரிந்த அமிலத்தைச் சிறிது சிறிதாக விட்டு, ஒவ்வொரு முறையும் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டே போனால், அது ஓரிடம் வரை ஏறும். பிறகு ஏற்றம் நின்று மெல்ல இறங்கத் தொடங்கும். ஏற்றம் நின்ற இடத்தில் காரம் முழுவதும் தீர்ந்துவிட்டது. அதுவரை செலவான அமிலத்தைக் கொண்டு காரத்தின் செறிவைக் கணக்கிட்டுவிடலாம். வெப்பத் தரம்பார்த்தல் எனப்படும் இந்த முறைக்கு வேண்டிய பியூரெட், வெப்பமானி, நடுநிலையாக்கலின் வெப்பம் பற்றிய அறிவு ஆகிய மூன்றும் 1840களிலேயே ஐரோப்பாவில் இருந்தன. ஆனால் அவை ஒரே மேசையில் சேர்ந்து, செறிவை அளக்கும் முறையாக அச்சில் வந்தது 1913இல்தான். எழுபது ஆண்டுத் தாமதத்துக்குக் கருவிக் குறை காரணமல்ல. வெப்பத்தை அளந்தவர்களும் காரத்தை அளந்தவர்களும் இரு வேறு உலகங்களில் வேலை செய்தார்கள்.

காரத்தை அளக்க வேண்டிய கட்டாயம் முதலில் துணி வெளுக்கும் களங்களில் பிறந்தது. 18ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் லினன் துணியை வெளுக்கச் சாம்பல் நீரே கதி. மரச் சாம்பலை ஊறவைத்து, வடித்து, காய்ச்சி எடுத்த பொட்டாஷ், ரஷ்யாவிலிருந்தும் பால்டிக் கரையிலிருந்தும் வட அமெரிக்காவிலிருந்தும் பீப்பாய்களில் வந்து இறங்கியது. தமிழ்நாட்டு வண்ணார்கள் உவர்மண் போட்டு வெள்ளாவி வைத்ததும் இதே வேலைதான். உவர்மண்ணில் இருப்பது சோடியம் கார்பனேட், மரச் சாம்பலில் இருப்பது பொட்டாசியம் கார்பனேட், அவ்வளவே வேறுபாடு. பீப்பாயில் வந்த சரக்கில் காரத்தோடு மணல், சுண்ணாம்பு, சாப்பாட்டு உப்பு எல்லாம் கலந்திருக்கும். காரம் குறைந்தால் துணி வெளுக்காது, கூடினால் நூல் நைந்துபோகும். வாங்குபவர் நாக்கில் தொட்டுப் பார்ப்பார். சோப்புக் காய்ச்சுபவர் காரநீரில் ஒரு முட்டையைப் போட்டு, அது எவ்வளவு மிதக்கிறது என்று பார்ப்பார். முட்டை காட்டுவது அடர்த்தியைத்தான். சாப்பாட்டு உப்பைக் கரைத்தாலும் முட்டை மிதக்கும் என்பதால், கலப்படம் செய்தவருக்கு அந்தச் சோதனையால் இடைஞ்சல் ஏதும் இல்லை.

எடின்பரோ மருத்துவர் பிரான்சிஸ் ஹோம் 1756இல் வெளுப்புத் தொழிலைப் பற்றி எழுதிய நூலில் வேறொரு வழியைச் சொன்னார். நைட்ரிக் அமிலத்தை நீர்விட்டுத் தணித்து, எடை போட்ட சாம்பல் உப்பின் மீது தேக்கரண்டி தேக்கரண்டியாக விட வேண்டும். நுரைப்பது எப்போது நிற்கிறதோ அதுவரை சென்ற கரண்டிகளின் எண்ணிக்கையே அந்தச் சரக்கின் வலிமை. கரண்டி என்பது அளவுக் கருவிகளில் மிகவும் கரடுமுரடானது. ஆனாலும் கன அளவை எண்ணிக் காரத்தை மதிப்பிடுவது என்ற வேதியியல் பழக்கம் இங்கேதான் தொடங்குகிறது. 1767இல் வில்லியம் லூயிஸ் அமெரிக்கப் பொட்டாஷை ஆராய்ந்தபோது நுரையை நம்பவில்லை. நிறம் மாறும் காகிதத்தை வைத்து முடிவைக் கண்டார்; அமிலத்தையும் கன அளவாகக் கொள்ளாமல் எடை போட்டார். பிரான்சில் ரூவன் நகரத்து டெக்ருவாசி 1806இல் ‘காரமானி’ என்று ஓர் அளவுக் குழாயையே வடித்தார். கே-லுசாக் 1820களில் அந்த முறையைச் செம்மைப்படுத்தினார். இன்றும் எல்லா ஆய்வகங்களிலும் வழங்கும் பியூரெட், பிப்பெட் என்ற பெயர்கள் அவர் எழுத்தின் வழியே நிலைபெற்றவை. 1855இல் ஜெர்மனியின் பிரெடரிக் மோர் தரம்பார்த்தல் முறைகளை ஒரு பாடநூலாகத் தொகுத்தார். அதற்குள் லெபிளாங்க் முறையில் தயாரான சோடா ஆலைகளிலிருந்து டன் கணக்கில் வந்துகொண்டிருந்தது. காரமானி இல்லாமல் ஒரு மூட்டைகூட விலைபோகாது என்ற நிலை.

இத்தனையும் கண்ணை நம்பியவை. லிட்மஸ் நீலமாகவா சிவப்பாகவா என்று பார்க்க வேண்டும். 1870களின் கடைசியில் பினால்ப்தலீனும் மெத்தில் ஆரஞ்சும் வந்த பிறகு இளஞ்சிவப்பையும் ஆரஞ்சையும் பார்க்க வேண்டும். தெளிந்த கரைசலில், வலுவான அமிலமும் வலுவான காரமும் சந்திக்கும் இடத்தில், இதில் சிக்கல் ஏதுமில்லை. கரைசல் கலங்கியிருந்தாலோ, அதற்கே நிறம் இருந்தாலோ, இரண்டில் ஒன்று வலுக்குறைந்ததாக இருந்தாலோ நிறமாற்றம் சட்டென்று நிகழாமல் இழுத்துக்கொண்டு போகும். ஒருவர் ‘முடிந்தது’ என்னும் இடத்தில் இன்னொருவர் இன்னும் அரை மில்லிலிட்டர் விடுவார்.

வெப்பத்தை அளந்தவர்களின் கதை செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் தொடங்குகிறது. ஜெனீவாவில் 1802இல் பிறந்து ரஷ்யாவில் வளர்ந்த ஜெர்மேன் ஹென்றி ஹெஸ், கந்தக அமிலத்தை வெவ்வேறு அளவுக்கு நீரில் தணித்து, ஒவ்வொன்றையும் அம்மோனியாவால் நடுநிலையாக்கிப் பார்த்தார். தணிக்கும்போது வந்த வெப்பத்தையும் நடுநிலையாக்கும்போது வந்த வெப்பத்தையும் கூட்டினால், எந்த வழியில் போனாலும் தொகை மாறவில்லை. இன்று மேல்நிலை வகுப்பு மாணவர்கள் படிக்கும் 1840ஆம் ஆண்டின் ஹெஸ் விதி இந்த அமில-காரக் கணக்கிலிருந்தே வந்தது. பெல்பாஸ்டில் தாமஸ் ஆண்ட்ரூஸும் ஏறத்தாழ அதே காலத்தில் இதே அளவீடுகளைச் செய்துகொண்டிருந்தார். அமிலத்தை மாற்றினாலும் ஒரே காரத்துக்கு வெப்பம் பெரிதாக மாறுவதில்லை என்பது அவர் கண்டது. பெல்பாஸ்ட் லினன் நகரம். ஆனால் ஆண்ட்ரூஸின் வெப்பமானி எந்த வெளுப்புக் களத்துக்கும் போகவில்லை.

கோபன்ஹேகனின் யூலியுஸ் தாம்சன் இந்தக் கதையில் தனியே நிறுத்திப் பார்க்க வேண்டியவர். 1850களில் அவர் கிரீன்லாந்தில் கிடைத்த கிரயோலைட் கனிமத்திலிருந்து சோடா தயாரிக்கும் வழியைக் கண்டார். அதை வைத்து ஆலையும் எழுந்தது. அதாவது அவர் காரம் விற்ற மனிதர். மறுபுறம் வெப்ப வேதியியலில் ஏறத்தாழ 3,500 கலோரிமானி அளவீடுகளைத் தம் கையாலேயே செய்து, 1882 முதல் 1886 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். அமிலம் ஒன்றில் எத்தனை ஹைட்ரஜனைக் காரத்தால் இடம்பெயர்க்க முடியும் என்பதை அறிய அவர் கையாண்ட வழி எளிமையானது. ஒரே அளவு அமிலத்துக்கு ஒரு பங்கு காரம், இரண்டு பங்கு, மூன்று பங்கு என்று சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் வரும் வெப்பத்தை அளந்தார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் முதல் பங்கோடு வெப்பம் நின்றுவிடும். பாஸ்பாரிக் அமிலத்தில் முதல் பங்குக்கு நிறைய, இரண்டாவதுக்குச் சற்றுக் குறைவு, மூன்றாவதுக்கு முதலில் வந்ததில் பாதியளவு. எந்தப் பங்கோடு வெப்பம் வருவது நிற்கிறது என்று பார்ப்பதுதான் பிற்காலத்து வெப்பத் தரம்பார்த்தலின் சாரம். தாம்சன் அதன் வாசலில் நின்றவர். ஆனால் அவர் கரைசல்களின் செறிவை முன்பே நன்றாக அறிந்து வைத்துக்கொண்டுதான் வெப்பத்தை அளந்தார். தம் ஆலைச் சோடாவின் வலிமையை அறிய அதையே திருப்பிப் போடலாம் என்று அவருக்குத் தோன்றியதற்கு அந்தத் தொகுதிகளில் அடையாளம் இல்லை.

வலுவான அமிலம் எதுவாயினும், வலுவான காரம் எதுவாயினும், ஒரு மோலுக்கு 13.7 கிலோகலோரி என்ற ஏறத்தாழ ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தது. பாடநூல்களில் இது 57.3 கிலோஜூல் என்று இடம்பெறுகிறது. மிகவும் தணித்த கரைசலில், 25 டிகிரி செல்சியசில், இன்றைய மதிப்பு 55.8. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத அமிலங்களும் காரங்களும் ஏன் ஒரே வெப்பத்தைத் தர வேண்டும் என்பதற்கு 1880களின் இறுதியில் ஸ்வாந்தே அர்ரேனியஸின் அயனிக் கொள்கை விடை தந்தது. கரைசலில் சோடியமும் குளோரைடும் முன்பே தனித்தனியாகத் திரிகின்றன. அவற்றுக்கு அங்கே வேலையே இல்லை. நடப்பது ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் சேர்ந்து நீராவது மட்டும். எல்லாக் கலவையிலும் நிகழ்வது அந்த ஒரே வினை என்பதால் வெப்பமும் ஒன்றே.

இந்த எண் கைக்கு வந்த பிறகும் அதை அளவுகோலாகத் திருப்பிப் பிடிக்க யாரும் முனையாததற்கு ஒரு காரணம், கலோரிமானிக்காரர்களின் கவலை. வெப்பம் எவ்வளவு என்று சரியாகச் சொல்ல வேண்டுமானால் பாத்திரம் எவ்வளவு உறிஞ்சியது, சுவர் வழியே எவ்வளவு கசிந்தது, கலக்கி எவ்வளவு சூட்டை உண்டாக்கியது என்று ஒவ்வொன்றுக்கும் திருத்தம் போட வேண்டும். இத்தனை பாடுபட்டு ஒரு சோடா மூட்டையைச் சோதிப்பது வீண் என்றே யாருக்கும் தோன்றும். ஆனால் தரம்பார்ப்பவருக்கு வெப்பத்தின் அளவே வேண்டாம். ஏற்றம் எந்த மில்லிலிட்டரில் முறிகிறது என்பது மட்டும் தெரிந்தால் போதும். பாத்திரம் கொஞ்சம் கசிந்தால் கோட்டின் சாய்வு குறையுமே தவிர, முறியும் இடம் பெரிதாக நகராது. இந்த வேறுபாடு இன்று வெளிப்படையாகத் தெரிகிறது. அன்று அதைக் கவனிக்க இரு துறைகளிலும் கால் வைத்திருந்த ஒருவர் தேவைப்பட்டார்.

வணிகத்தில் வெப்பமானியைச் சோதனைக் கருவியாகப் பயன்படுத்தும் எண்ணம் வேறொரு பக்கம் இருக்கத்தான் செய்தது. 1852இல் பிரெஞ்சு வேதியியலர் மொமெனே, எண்ணெயில் அடர் கந்தக அமிலத்தைக் கலந்து வெப்பநிலை எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தார். ஆலிவ் எண்ணெய் குறைவாகவே சூடேறும். வேறு எண்ணெய் கலந்திருந்தால் சூடு கூடும். கலப்படம் பிடிக்கும் இந்தச் சோதனை நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தது. ஆனால் அதில் துளித்துளியாக விடுவதும் இல்லை, முறியும் இடம் தேடுவதும் இல்லை.

1913இல் அமெரிக்காவின் பெல், கவெல் என்ற இருவர் அந்த அடியை எடுத்து வைத்தார்கள். அவர்களுக்கு வந்த சிக்கல் உரச் சந்தையைச் சேர்ந்தது. பாஸ்பேட் உரத்தில் பயிருக்குக் கிடைக்கக்கூடிய பாஸ்பரஸ் எவ்வளவு என்பதை அறிய, அமெரிக்க உரச் சோதனையாளர்கள் உரத்தை அம்மோனியம் சிட்ரேட் கரைசலில் ஊறவைப்பது வழக்கம். அந்தக் கரைசல் துல்லியமாக நடுநிலையில் இருக்க வேண்டும். அமிலம் கூடினாலும் காரம் கூடினாலும் கரையும் பாஸ்பேட்டின் அளவு மாறி, உரத்தின் தரமும் விலையும் மாறிவிடும். சிட்ரிக் அமிலமும் வலுக்குறைந்தது, அம்மோனியாவும் வலுக்குறைந்தது. லிட்மஸ் எங்கே மாறுகிறது என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியவில்லை. பெல்லும் கவெலும் வெப்பம் கசியாத டூயர் பாத்திரத்தில் சிட்ரிக் அமிலத்தை வைத்து, அம்மோனியாவைச் சிறிது சிறிதாக விட்டு, வெப்பநிலையை வரைபடமாக்கினார்கள். கண்ணுக்குப் பிடிபடாத முடிவுப்புள்ளி கோட்டின் முறிவாகத் தாளில் தெரிந்தது. ஜேம்ஸ் டூயர் வெற்றிடச் சுவர் கொண்ட பாத்திரத்தை 1892இல் வடித்தது தாழ்வெப்ப ஆய்வுக்கு. அதே பாத்திரம் உரச் சோதனைக்கும் கைகொடுத்தது.

செய்முறையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். பாத்திரத்தில் 25 மில்லிலிட்டர் காஸ்டிக் சோடாக் கரைசல். பியூரெட்டில் லிட்டருக்கு 1 மோல் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம். இரண்டும் ஒரே அறைச் சூட்டில் நெடுநேரம் இருந்திருக்க வேண்டும். மும்மூன்று மில்லிலிட்டராக விட்டு, கலக்கி, வெப்பநிலையைக் குறிக்க வேண்டும். முதல் சில அளவுகளில் ஏற்றம் வேகமாக இருக்கும். பிறகு சற்றே தளரும். வினை தளர்வதில்லை. பாத்திரத்தில் நீர் கூடிக்கொண்டே போவதால் அதே வெப்பத்தைப் பெரிய திரவம் பங்கிட்டுக்கொள்கிறது. 27 மில்லிலிட்டரில் ஏற்றம் நின்றது என்று வைத்துக்கொண்டால், காரத்தின் செறிவு 27ஐ 25ஆல் வகுக்க, லிட்டருக்கு 1.08 மோல். அதுவரை மொத்த ஏற்றம் கணக்குப்படி ஏறத்தாழ 6.9 டிகிரி, கசிவு இருந்தால் சற்றுக் குறையும். அதற்குப் பிறகு விடப்படும் அமிலத்துக்கு வினைபுரிய எதுவும் இல்லை. குளிர்ந்த அமிலம் சூடான கலவையில் சேர்வதால் வெப்பநிலை இறங்குகிறது. உச்சியை நேரடியாகப் படிப்பது தவறான வழக்கம்: உச்சியின் அருகே புள்ளிகள் மழுங்கிப் போகும். ஏறும் புள்ளிகள் வழியே ஒரு கோடும் இறங்கும் புள்ளிகள் வழியே ஒரு கோடும் இழுத்து, இரண்டும் வெட்டும் இடத்தைத்தான் எடுக்க வேண்டும். அமிலத்தைக் காரத்தைவிடப் பல மடங்கு செறிவாக எடுத்துக்கொண்டால் கன அளவு அதிகம் மாறாது. கோடும் நேராக வரும்.

அடுத்த நாற்பது ஆண்டுகள் முறை மெதுவாகவே நகர்ந்தது. 1922இல் சுவிட்சர்லாந்தின் டியூட்வாவும் குரோபேயும் பல வினைகளுக்கு இதை விரித்தார்கள். ஆனால் பாதரச வெப்பமானி சூட்டை உள்வாங்கிக் காட்ட நேரம் எடுக்கும். அந்த நேரத்துக்குள் கொஞ்சம் வெப்பம் கசிந்துவிடும். ஒரு சோதனைக்கு மணிக்கணக்கில் ஆனதால் ஆலை ஆய்வகங்கள் இதைத் தொடவில்லை. தெர்மிஸ்டர் அந்த நிலையை மாற்றியது. மின்தடை டிகிரிக்கு ஏறத்தாழ 4 சதவீதம் குறையும் உலோக ஆக்சைடு மணி அது. மிளகை விடச் சிறிதாகவும் செய்யலாம் என்பதால், வெப்பநிலை மாற்றத்தை நொடிக்குள் காட்டிவிடும். 1953இல் லிண்டே, ராஜர்ஸ், ஹ்யூம் ஆகியோர் தெர்மிஸ்டரையும் சீராக அமிலம் விடும் பியூரெட்டையும் வரைபடக் கருவியையும் இணைத்தார்கள். தாள் ஓட, கோடு தானே எழ, முறிவு தானே தெரிந்தது. மணிக்கணக்கு நிமிடக் கணக்கானது.

அமெரிக்காவில் ஜோசப் ஜோர்டனும் உடனுழைத்தவர்களும் இந்த முறைக்குக் கொள்கை வலுவைத் தந்தார்கள். அவர்கள் பெரிதும் எடுத்துக்காட்டியது போரிக் அமிலம். பிஹெச் மானியால் அதைத் தரம்பார்த்தால் கோட்டில் தெளிவான பாய்ச்சலே இருக்காது, அவ்வளவு வலுக்குறைந்த அமிலம். அதை நடுநிலையாக்கும் வெப்பமோ மோலுக்கு 42 கிலோஜூல் அளவில் இருக்கிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் வெப்பத்தில் முக்கால் பங்கு. வெப்ப வரைபடத்தில் இரண்டு அமிலங்களும் ஏறத்தாழ ஒரே கூர்மையில் முறிகின்றன. வினை எவ்வளவு தூரம் போகும் என்பதும் எவ்வளவு வெப்பம் விடும் என்பதும் வேறு வேறு என்பதுதான் இதற்கு அடிப்படை. நிறங்காட்டியும் பிஹெச் மானியும் முதலாவதை மட்டுமே பார்க்கின்றன. 1964இல் ஜோர்டன் குழு இன்னொரு சுருக்கு வழியையும் வெளியிட்டது: அமிலத்தைத் தேவைக்கு அதிகமாக ஒரே வீச்சில் ஊற்றி, ஏறிய வெப்பநிலையை நேரே செறிவாக மாற்றிக்கொள்வது. இங்கே முறிவு இல்லாததால் கசிவுக்கும் வெப்ப ஏற்புத்திறனுக்கும் மறுபடி கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. செறிவு தெரிந்த கரைசலை வைத்து முதலில் கருவியைச் சரிபார்த்துக்கொள்வதே அதற்கு வழி.

இந்த முறை தனக்கென ஒரு தொழிலைக் கண்டது அலுமினா ஆலைகளில். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பணிபுரிந்த ஆஸ்திரிய வேதியியலர் கார்ல் யோசப் பாயர் 1880களின் இறுதியில், பாக்சைட்டைச் சூடான காஸ்டிக் சோடாவில் கரைத்து அலுமினா எடுக்கும் வழிக்குக் காப்புரிமை பெற்றார். அலுமினியம் அப்போது விலையுயர்ந்த அரிய உலோகம். பாயரின் நோக்கம் பருத்திச் சாயத்தில் நிறத்தை நிலைநிறுத்தும் அலுமினிய ஹைட்ராக்சைடு. ஹெஸ் நடுநிலையாக்கலின் வெப்பத்தை அளந்த ஊரிலேயே, துணித் தொழிலுக்காகவே, காரத்தைச் சோதிக்க மிகக் கடினமான திரவமும் பிறந்தது என்பது தற்செயல்தான்.

அந்தத் திரவத்தில் காஸ்டிக் சோடா, சோடியம் அலுமினேட், சோடியம் கார்பனேட் மூன்றும் கலந்திருக்கும். பாக்சைட்டோடு வந்த மக்கிய தாவரப் பொருள் கரைந்து அதைத் தேநீர் டிகாஷன் நிறத்துக்குக் கொண்டுவந்துவிடும். பினால்ப்தலீனின் இளஞ்சிவப்பு அதில் தெரியாது. காரம் தேவையான அளவில் இல்லாவிட்டால் அலுமினா குழாய்களிலேயே படிந்துவிடும் என்பதால் நாளுக்குப் பல முறை சோதிக்கவும் வேண்டும். 1973இல் வான்டேலன், வார்டு ஆகியோர் வெளியிட்ட வெப்பத் தரம்பார்த்தல் முறை இதற்கு விடையானது. முதலில் டார்ட்ரேட் சேர்த்தால் அலுமினியத்தை அது பிடித்துக்கொள்ள, அலுமினேட்டில் இருந்த காரம் விடுபடும். பிறகு அமிலம் விட, ஹைட்ராக்சைடு தீரும் வரை கோடு செங்குத்தாக ஏறும். கார்பனேட் பைகார்பனேட்டாக மாறும் வெப்பம் நீராகும் வினையின் வெப்பத்தில் கால் பங்குதான். ஆகவே அடுத்த கட்டத்தில் கோடு படுத்தபடி ஏறும். இரண்டு சாய்வுகளுக்கு இடைப்பட்ட முறிவில் காஸ்டிக்கும், படுத்த கோட்டின் முடிவில் கார்பனேட்டும் கிடைக்கும். கடைசியில் பொட்டாசியம் புளோரைடைச் சேர்த்தால் அது அலுமினியத்தை டார்ட்ரேட்டிடமிருந்து பறித்துக்கொண்டு, அணுவுக்கு மூன்று ஹைட்ராக்சைடை விடும். அதையும் அமிலத்தால் தரம்பார்த்தால் அலுமினாவின் அளவும் கைக்கு வரும். ஒரே மாதிரியில், சில நிமிடங்களில், திரவம் என்ன நிறத்தில் இருந்தாலும் மூன்று எண்கள். சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட்டைக் கொண்டு 1965இல் மேட்டூரில் தொடங்கிய அலுமினிய ஆலையும் பாயர் முறையையே கையாண்டது.

முறையின் எல்லைகளும் அறியப்பட்டவை. மிகவும் தணித்த கரைசலில் ஏறும் வெப்பநிலை ஆயிரத்தில் ஒரு பங்கு டிகிரி அளவுக்குச் சுருங்கிவிடும். கலக்கியின் உராய்வும் பியூரெட் அமிலத்தின் சூட்டு வேறுபாடும் அதை விழுங்கிவிடும். செறிந்த அமிலத்தை நீரில் தணித்தாலே வெப்பம் வருவதால், முடிவுப்புள்ளிக்குப் பிறகும் கோடு இறங்காமல் மெல்ல ஏறிக்கொண்டிருக்கும் நிலையும் உண்டு. அப்போது உச்சியைத் தேடாமல் சாய்வு மாறும் இடத்தைத் தேட வேண்டும். காற்றில் திறந்து கிடந்த காஸ்டிக் சோடா கார்பன் டைஆக்சைடை உறிஞ்சிக் கொஞ்சம் கார்பனேட்டாகியிருந்தால், ஒரு கூர்முனை வர வேண்டிய இடத்தில் சற்று வளைந்த தோள் வரும். பள்ளி ஆய்வகங்களில் டூயர் பாத்திரத்துக்குப் பதிலாகப் பாலிஸ்டிரீன் கோப்பை வந்துவிட்டது. அதில் பெறும் அதே வரைபடத்தின் இரண்டு கோடுகளும் வெட்டும் புள்ளியின் கிடைநீளம் காரத்தின் செறிவையும், அதன் உயரம் நடுநிலையாக்கல் வெப்பத்தையும் தருகின்றன. முதலாவது எண் பெரும்பாலும் சரியாக வரும், இரண்டாவது கோப்பையும் காற்றும் எடுத்துக்கொண்ட அளவுக்கு 57.3க்குக் கீழே நிற்கும்.